செவிலியர் பணியும் மனநிறைவும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்துரைக்குமிடத்து, நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, நோயாளியின் அருகிலிருந்து பணிசெய்பவரையும் நான்காம் கூறாகச் சேர்த்தருளினார். நான்கு கால்களுள் ஒன்று முறிந்த கட்டிலில் நோயாளியைக் கிடத்துதல் இயலாதன்றோ? ஆயினும், மருந்தைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் நாள்தோறும் பேசும் நாம் அந்நான்காம் கூற்றைப் பற்றிப் பேசுவது அரிது. பேசுவாரும், ஆண்டுதோறும் மே மாதம் 12-ஆம் தேதி, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பிறந்த நாளன்று, 'தியாகத்தின் திருவுருவம்' என இரண்டொரு சொற்களாற் புகழ்ந்து அமைந்துவிடுகின்றனர். அத்திருவுருவத்திற்குப் பசி உண்டா, உறக்கம் உண்டா, தான் செய்யும் தொழிலில் மனநிறைவு உண்டா என்று வினவுவார் சிலரே.

அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. நம் மாணவ மாணவியருட் பலர்க்கு அக்காளோ தங்கையோ செவிலியராக இருப்பர். சிலர் தாமே அத்தொழிலை நாடுவர். பழைய மாணவருட் சிலர் ஆஸ்பத்திரிகளை நடத்துகின்றனர். நோயுறாதார் எவரும் இலராதலின், இவ்வினா நம் எல்லோரையும் பற்றியது என்க.

திண்டிவனத்தில் ஓர் இரவு

நம் நாட்டில் பெண் மருத்துவத்தின் வரலாற்றைச் சொல்லப்புகுவோர் திண்டிவனத்தை விலக்கிச் சொல்லுதல் இயலாது. அது தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலம். அமெரிக்க ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த ஜான் ஸ்கட்டர் என்னும் மருத்துவர் அவ்வூரில் ஊழியம் புரிந்துவந்தார். 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையிற் பிறந்து அமெரிக்காவிற் கல்வி கற்ற அவர் மகள் ஐடா, நோயுற்ற தாய்க்கு உதவும்பொருட்டு 1890-இல் திரும்பிவந்தார். இந்நாட்டில் நிலைத்துத் தங்கும் எண்ணம் அவருக்கு அப்பொழுது சிறிதும் இல்லை.

ஓர் இரவு மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக அவ்வீட்டின் கதவைத் தட்டினர். மூவரும் வெவ்வேறு சமூகத்தினர். மூவர் மனைவியரும் பிள்ளைப்பேற்றின் வேதனையிற் கிடந்தனர். "என் தந்தையார் வைத்தியர், அவர் வருவார்" என ஐடா கூறியும், பிற ஆடவன் தம் மனைவியைப் பார்த்தல் தகாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். மறுநாட் காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அவ்விரவே தம் வாழ்வின் போக்கை மாற்றிற்று என்று அம்மையார் பிற்காலத்தில் எடுத்துரைப்பதுண்டு.

இவ்வரலாற்றில் நாம் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. அன்று அவ்வூரில் வைத்தியர் இல்லாமல் இல்லை. மருந்தும் இல்லாமல் இல்லை. நோயாளியின் அருகே செல்லத்தக்க, பயிற்சி பெற்ற ஒரு பெண்ணே இல்லை. அதனால் மூன்று உயிர்கள் போயின.

இக்குறையை ஐடா ஸ்கட்டர் நன்குணர்ந்தார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்து, 1902-இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே தொடங்கியது 1918-இல். செவிலியர் பயிற்சிப் பள்ளியோ அதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே, 1909-இல், தொடங்கிவிட்டது. டாக்டரை உண்டாக்குமுன் நர்ஸை உண்டாக்கினார் என்பது கருதத்தக்கது. பின்னர் 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியரைப் பதிவுசெய்யும் சட்டம் பிறந்தது. 1946-இல் டில்லியிலும் வேலூரிலும் செவிலியக் கல்வி பட்டப்படிப்பாக உயர்ந்தது. அவ்வாண்டு வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாடு முழுவதிலும் சுமார் 7,000 செவிலியரே உள்ளனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்னும் கணக்கே தேறுகின்றது என்றும் காட்டிற்று. மறு ஆண்டில் இந்தியச் செவிலியர் மன்றத்திற்கான சட்டம் இயற்றப்பெற்றது; அதற்குப் பதிலாகத் தேசியச் செவிலிய, மகப்பேற்றுப் பணி ஆணையத்திற்கான புதிய சட்டம் 2023-இல் இயற்றப்பெற்றது.

இன்று நிலைமை வேறு. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2010-இல் அந்நகருக்கு அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. கிராமந்தோறும் சுகாதாரச் செவிலியர் சென்று கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கின்றனர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிள்ளைப்பேறு பார்க்கப்படுகின்றது. அன்று ஒருத்தியும் இல்லாத இடத்தில் இன்று பயிற்சி பெற்ற பெண்கள் பலர் உளர். ஆகலின், கேள்வியும் மாறிவிட்டது. அன்று, 'நர்ஸ் உண்டா?' என்று கேட்டோம். இன்று, 'உள்ள நர்ஸ் அத்தொழிலில் நிலைத்து நிற்பாரா? நின்றாலும் மனமொத்து நிற்பாரா?' என்று கேட்கவேண்டியுள்ளது.

நர்ஸ் பிராக்டிஷனர் என்பார் யார்?

செவிலியர் என்றதும், டாக்டர் எழுதியதைக் கொடுப்பவர், சொல்லியதைச் செய்பவர் என்னும் எண்ணமே நம்மிற் பெரும்பாலோர்க்கு எழுகின்றது. அவ்வெண்ணத்தை மாற்றிய ஒரு வகையினர் உண்டு. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ சர்வகலாசாலையில் லொரெட்டா போர்டு என்னும் செவிலியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் கூடி ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினர். டாக்டர்கள் செல்லாத ஊர்களில் குழந்தைகளைத் தாமே பரிசோதித்து, சாதாரண நோய்களுக்குத் தாமே மருந்து கொடுத்து, கடிய நோய்களை இனங்கண்டு டாக்டரிடம் அனுப்பத்தக்க செவிலியரை உருவாக்குவது அதன் நோக்கம். இவரையே 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்றனர். இக்கட்டுரையில் 'தேர்ச்சிச் செவிலியர்' என்போம். இன்று அந்நாட்டில் இவர் தொகை மூன்று லட்சத்தைக் கடந்துள்ளது. பாதிக்கு மேற்பட்ட மாகாணங்களில் டாக்டரின் மேற்பார்வையின்றியே தொழில் நடத்தும் உரிமையும் பெற்றுள்ளனர்.

நம் நாட்டில் இவ்வகைக் கல்வி இரு கிளையாக வளர்ந்துள்ளது. ஒன்று, 2016-ஐ ஒட்டி இந்தியச் செவிலியர் மன்றம் ஏற்படுத்திய தீவிர சிகிச்சைத் தேர்ச்சிப் படிப்பு. பட்டம் பெற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைசெய்து பழகியவர் இதனை இரண்டாண்டு, வார்டிலேயே இருந்து கற்பர். மற்றொன்று, 2018 டிசம்பரில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட மகப்பேற்றுப் பணி நெறிமுறைகளின்படி நடைபெறும் பதினெட்டு மாதப் பயிற்சி. இதிற் தேர்ந்தவர் சிக்கலற்ற பிள்ளைப்பேற்றைத் தாமே பொறுப்பேற்று நடத்துவர். திண்டிவனத்தில் அன்று அம்மூவர் தேடிவந்தது இத்தகைய ஒருத்தியைத்தான் என்பதை நினைக்க.

படிப்பு ஏற்பட்ட அளவிற்குப் பதவி ஏற்படவில்லை என்பதே இன்றைய குறை. அதன் விளைவைப் பின்னர்க் கூறுவோம்.

மனநிறைவை அளத்தல்

மனநிறைவு கண்ணுக்குப் புலப்படாத பொருளாயினும் அறிஞர் அதனை அளக்க முயன்றுள்ளனர். 1959-இல் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் அமெரிக்கர், பிட்ஸ்பர்க் நகரத்து எஞ்சினியர், கணக்கர் சுமார் இருநூறு பேரை விசாரித்து ஒரு கொள்கையை வெளியிட்டார். மனக்குறையை உண்டாக்குவன வேறு, மனநிறைவை உண்டாக்குவன வேறு என்பது அவர் துணிபு. சம்பளம், மேலாளர் நடத்தும் முறை, வேலையிடத்தின் வசதி ஆகியவை குறைந்தால் மனம் புண்படும். நிறைந்தால் புண் ஆறுமேயன்றி மகிழ்ச்சி பிறவாது. மகிழ்ச்சியைத் தருவன செய்யும் வேலையின் பெருமை, பிறர் மதிப்பு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவை. உப்பில்லாச் சோறு உண்ணலாகாது. ஆயினும், உப்பை மட்டும் உண்டு வயிறு நிறைவாரும் இலர். இக்கொள்கையை எல்லோரும் அப்படியே ஒப்பவில்லை யெனினும், நினைத்துப் பார்ப்பதற்கு இஃது ஒரு நல்ல துணை.

தேர்ச்சிச் செவிலியருக்கெனவே 2001-இல் மைசனர், காக்ஸ் என்னும் இருவர் நாற்பத்துநான்கு வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தனர். அவ்வினாக்கள் ஆறு பொருளின்கீழ் அடங்கும்: உடன் உழைப்பாரோடு கூட்டுறவு, தன்னுரிமையும் திறமைக்கேற்ற வேலையும், தொழிலுலகத்தோடும் சமூகத்தோடும் தொடர்பு, தொழில் வளர்ச்சி, நேரம், ஊதியமும் சலுகைகளும். அமெரிக்காவில் இவ்வளவுகோலைக்கொண்டு ஆராய்ந்தவர், அங்குள்ள தேர்ச்சிச் செவிலியர் தம் வேலையின் அருமையிலும் தன்னுரிமையிலும் மிக்க நிறைவும், நிருவாகத்திற் பங்கு, ஆராய்ச்சிக்கு வாய்ப்பு, தனி வெகுமதி ஆகியவற்றிற் குறைந்த நிறைவும் கொண்டுள்ளதாகக் கண்டனர்.

அம்முடிவை அப்படியே இங்கே பெயர்த்து நடுதல் கூடாது. அங்கே சம்பளம் பெரும்பாலும் தீர்ந்த வழக்கு. இங்கே அது தீராத வழக்கு. ஆதலின், அவ்வாறு பொருள்களையும் நம் ஊர் நிலைமையோடு பொருத்தி ஒவ்வொன்றாக நோக்குவாம்.

நேரமும் நோயாளர் தொகையும்

முதற்கண் எளிய கணக்கு ஒன்று. நாற்பது நோயாளர் உள்ள வார்டில் இரவில் ஒரே செவிலியர் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி என்பது 720 நிமிஷம். அதில் மூன்றிலொரு பங்கு கேஸ் ஷீட்டும் ரிஜிஸ்டரும் எழுதுவதிற் போயின் எஞ்சுவது 480 நிமிஷம். ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு நிமிஷம். இரவு முழுவதற்கும் பன்னிரண்டே நிமிஷம்! அதனுள் ஊசியும் சலைனும், காய்ச்சல் பார்த்தலும், புதிதாக வந்தவரைச் சேர்த்தலும், "ஸிஸ்டர், வலி தாங்கவில்லை" என்பாருக்கு ஆறுதல் சொல்லுதலும் அடங்கவேண்டும். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் நோயாளர் மூவர்க்கு ஒருவர், ஏனைய ஆஸ்பத்திரிகளில் ஐவர்க்கு ஒருவர் என்பதே இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு என்பதையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க.

இஃது ஒருவருடைய சோர்வைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. லிண்டா எய்க்கன் என்னும் அறிஞரும் அவர் கூட்டத்தாரும் பென்சில்வேனியாவிலுள்ள 168 ஆஸ்பத்திரிகளில், பதினாயிரத்துக்கு மேற்பட்ட செவிலியரையும், இரண்டு லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளரையும் ஆராய்ந்து, 2002-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், முப்பது நாளில் நோயாளர் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 விகிதம் உயர்ந்தது. செவிலியர் மனம் வெதும்பிச் சோரும் வாய்ப்பு நூற்றுக்கு 23-உம், தொழிலில் வெறுப்புறும் வாய்ப்பு நூற்றுக்கு 15-உம் உயர்ந்தன. நால்வரைப் பார்க்கவேண்டியவர் எண்மரைப் பார்த்தால் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 31 விகிதம் கூடிற்று. செவிலியரின் மனநிறைவின்மையும் நோயாளியின் மரணமும் ஒரே வேரிலிருந்து கிளைப்பன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் பகுதியில் இதற்கு எடுத்துக்காட்டு தேடவேண்டியதில்லை. சென்னை, திருச்சி நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் ஊடுருவிச் செல்கின்றது. சாலை விபத்தில் அடிபட்டோர் நள்ளிரவிற் கொண்டுவரப்படுவர். நெல், கரும்பு, மணிலா விளையும் நிலமாதலின் பாம்புக்கடியும் உண்டு. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலர் முண்டியம்பாக்கத்திலும் புதுச்சேரியிலும் சேர்க்கப்பட்டனர். மெத்தனால் நஞ்சு உண்டவனுக்குப் பார்வை மங்குவதையும், மூச்சு ஆழ்ந்து விரைவதையும் மணிக்கு மணி நோக்கி உடனே அறிவித்தாலன்றிக் கண்ணும் உயிரும் தப்பா. அங்ஙனம் நோக்குபவர் படுக்கையருகே நிற்கும் செவிலியரே. அவருக்கு நோயாளர் இருவரா இருபதின்மரா என்பதே அவ்விரவில் உயிர்ப் பிரச்சினையாகின்றது.

ஊதியமும் உறுதியும்

சம்பளத்தைப் பற்றிப் பேசுதல் இழிவென்று கருதுவார் உளர். சம்பளமின்மையே இழிவு. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகப் போட்டித் தேர்வெழுதி நம் மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான செவிலியர் அமர்த்தப்பட்டனர். அவர்க்கு விதிக்கப்பட்டது மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம். இரண்டாண்டில் நிரந்தரமாவோம் என்று நம்பியிருந்தோர், அது நிறைவேறாமைகண்டு 2017 நவம்பரில் சென்னையிற் கூடிப் போராடினர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஒரே வார்டில், ஒரே வேலையை, நிரந்தரமானவர் ஒருவரும் தொகுப்பூதியக்காரர் ஒருவரும் அருகருகே நின்று செய்கின்றனர். ஊதியமோ மலையும் மடுவும். இதனால் எழும் மனக்கசப்பு தொகையினால் மட்டும் எழுவதன்று, நீதியின்மையால் எழுவது.

தனியார் ஆஸ்பத்திரிகளின் நிலை குறித்து உச்சநீதிமன்றம் 2016 ஜனவரியில் மத்திய அரசாங்கத்திற்கு உத்தரவிட, ஒரு குழு அமைந்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் அரசுச் செவிலியர்க்கு ஒப்பான சம்பளம், 100-க்கு மேற்பட்டவற்றில் அதனினும் நூற்றுக்குப் பத்துக்கு மேற் குறையாத சம்பளம், 50 முதல் 100 வரை உள்ளவற்றில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற் குறையாத சம்பளம், அதற்குங் குறைந்தவற்றில் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் வேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே பல இடங்களிற் கிடக்கின்றது. கல்விக் கடன் வாங்கிப் படித்த பெண் ஒருத்தி, அக்கடனின் மாதத் தவணைக்கே தன் சம்பளம் போதாமை காணின், வளைகுடா நாட்டிற்கோ இங்கிலாந்திற்கோ செல்ல விழைதல் குற்றமாகுமா? 1978-இல் தோன்றிய, நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியரை அந்நாடுகளுக்கு அனுப்பிவைக்கின்றது. சென்றவர் குடும்பத்தைத் தாங்குகின்றனர். அவரைப் பழித்தல் தகாது. அவர் போகவேண்டிய நிலையை ஆக்கியவரே சிந்திக்கவேண்டும்.

தன்னுரிமையும் கூட்டுறவும்

சம்பளம் ஒழுங்காக உள்ள இடத்திலும் மனம் நிறைவதில்லை. என்னை? கற்ற கல்வியைப் பயன்படுத்த இடமில்லாமையே. தீவிர சிகிச்சைத் தேர்ச்சி பெற்ற செவிலியர் ஒருவர், சுவாசக் கருவியை எவ்வாறு திருத்தவேண்டும் என்பதை அறிவார். இரத்த அழுத்தம் வீழ்ந்தால் எம்மருந்தை எவ்வளவு ஏற்றவேண்டும் என்பதையும் அறிவார். அறிந்தும், எழுதிக் கையெழுத்திட உரிமையின்றித் தொலைபேசியிற் டாக்டரைத் தேடிக்கொண்டிருப்பார். பதவியின் பெயரும் பழைய பெயர். பொறுப்பும் பழைய பொறுப்பு. இரண்டாண்டு அரும்பாடுபட்டுக் கற்றபின் படியேறிய உணர்ச்சி இல்லையாயின், 'ஏன் கற்றோம்' என்னும் சலிப்பே மிஞ்சும். படிப்பிற்கும் வேலைக்கும் இடையே உள்ள இப்பிளவைக் கண்டு இளஞ்செவிலியர் திகைப்பதை மார்லின் கிரேமர் என்பார் 1974-இலேயே ஒரு நூலில் விரித்துரைத்தார்.

தன்னுரிமை என்பது தான்தோன்றித்தனம் அன்று. எவ்வெவற்றைத் தாமே செய்யலாம், எவ்வெவற்றிற்கு டாக்டரைக் கேட்கவேண்டும் என்பது எழுத்தில் வரையறுக்கப்பட்டிருத்தலே தன்னுரிமை. வரையறை இல்லாதவிடத்து, காரியம் நன்றாக முடிந்தால் புகழ் டாக்டருக்கும், தவறினால் பழி செவிலியர்க்கும் சேரும். அவ்வச்சத்தில் எவரும் துணிந்து பணிசெய்யார்.

இதனோடு ஒட்டியது கூட்டுறவு. காலையில் டாக்டர் வார்டைச் சுற்றிவரும்பொழுது, இரவு முழுதும் விழித்திருந்த செவிலியரை நோக்கி, "நீங்கள் என்ன கண்டீர்கள், ஸிஸ்டர்?" என்று கேட்டல் ஒரு நிமிஷ வேலை. கேட்கப்பட்டவர் தம் கண்ணுக்கு மதிப்பு உண்டென்று அறிவர்; மறுநாள் இன்னும் கூர்ந்து நோக்குவர். நோயாளியின் முன்னிலையில் அவரைக் கடிந்துரைத்தலும் ஒரு நிமிஷ வேலையே. அதன் வடு ஆண்டுக்கணக்கில் ஆறாது. 1983-இல் அமெரிக்கச் செவிலியர் கழகத்தார் செவிலியர் விட்டுநீங்காத 41 ஆஸ்பத்திரிகளைத் தேர்ந்து, 'காந்த ஆஸ்பத்திரிகள்' எனப் பெயரிட்டனர். செவிலியர் சொல்லுக்கு நிருவாகத்தில் இடமிருத்தலும், டாக்டரும் செவிலியரும் ஒருவரையொருவர் மதித்தலும் அவற்றின் இயல்புகளுட் சிறந்தனவாகக் காணப்பட்டன. காந்தம் பொன்னாற் செய்யப்படுவதன்று என்பதை இங்கே நினைக்க.

வளர்ச்சியும் சமூக மதிப்பும்

முப்பதாண்டு உழைத்தும் இரண்டொரு படியே ஏறக்கூடிய ஏணியில் எவர்க்கும் ஊக்கம் பிறவாது. மேற்படிப்பிற்கு விடுப்பு, புதிய முறைகளைக் கற்கக் கூட்டங்கள், கற்பித்தலிற் பங்கு ஆகியன இருப்பின், வார்டிலேயே நின்றும் ஒருவர் வளரலாம். இன்று வளர விரும்புவோர் வார்டை விட்டுப் பள்ளி ஆசிரியராகவோ அலுவலகத்திற்கோ செல்லவேண்டியுள்ளது. நோயாளி தன் சிறந்த செவிலியரை இழக்கின்றான்.

சமூகத்தின் போக்கும் இங்கே கருதற்பாலது. உடலைத் தொட்டுச் செய்யும் பணியைத் தீட்டெனக் கருதிய காலத்தில் உயர்ந்த சாதியாரெனப்பட்டோர் இத்தொழிலை அணுகவில்லை. அவ்வெண்ணம் பெரிதும் மறைந்தாலும் அதன் நிழல் மறையவில்லை. இரவு வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசத் தயங்குவாரும், அவள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவள் வேலையை இகழ்வாரும் நம்மிடையே உளர். நோயாளி இறந்தால் உறவினர் கோபம் முதலிற் பாய்வது எதிரில் நிற்கும் செவிலியர்மேல். அதனைத் தடுக்க 2008-இல் தமிழ்நாட்டிற் சட்டமே செய்யவேண்டியதாயிற்று. ஆயினும், கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் தெருவில் நடந்துவரும்பொழுது, தாம் எடுத்த குழந்தை பள்ளிக்கூடப் பையோடு ஓடிவந்து வணங்கக் காண்பாராயின், அந்நிறைவுக்கு ஈடு எந்த அளவுகோலிலும் இல்லை.

'தொண்டுக்குக் கூலி உண்டோ?'

இவ்வளவும் கேட்டபின் சிலர் வினவுவர்: "செவிலியம் தெய்விகத் தொண்டன்றோ? தொண்டு செய்வார் ஓய்வும் ஊதியமும் உரிமையும் கேட்கலாமா?" இவ்வினா நம்மைப் போன்ற தொண்டு நிலையங்களிலேயே மிகுதியாகக் கேட்கப்படுதலின், இதற்கு நேரே விடையிறுத்தல் நம் கடமை.

தொண்டு என்பது ஒருவர் தாமே மனமுவந்து அளிப்பது. பிறர் அதனை அவரிடமிருந்து கணக்கிட்டுப் பறிப்பாராயின் அது தொண்டாகாது. பெயர் மாற்றிய சுரண்டலேயாம். தொண்டின் தாயென நாம் போற்றும் நைட்டிங்கேல் அம்மையார் 1860-இல் லண்டனில் தம் பள்ளியைத் தொடங்கியபொழுது, பயில்வோர்க்கு உணவும் உறையுளும் உடையும் அளித்து, ஆண்டுக்குப் பத்துப் பவுன் ஊதியமும் கொடுக்கச் செய்தார். கண்ணியமான வாழ்க்கை இன்றிக் கண்ணியமான பணி இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். பன்னிரண்டு மணி விழித்தவர் அடுத்த நாள் மீண்டும் அழைக்கப்பட்டு, கண்ணயர்ந்து மருந்தை மாற்றிக் கொடுத்தால், அவருடைய தொண்டுள்ளம் நோயாளியைக் காப்பாற்றாது.

மறுபுறமும் ஒன்று சொல்லவேண்டும். எல்லா வசதியும் பெற்றும் நோயாளியை ஏறெடுத்துப் பாராத செவிலியரும் உண்டு. சம்பளம் அன்பை விலைக்கு வாங்காது. அன்புள்ளவர் அன்போடு இருத்தற்கு இடையூறாகாமை மட்டுமே நிருவாகத்தாற் செய்யக்கூடியது. ஆயின், அம்மட்டும் செய்தல் சிறிதன்று.

நாம் செய்யத்தக்கன

பழைய மாணவருள் ஆஸ்பத்திரி நடத்துவோர், தம் நிலையத்தின் டியூட்டி அட்டவணையை இன்றிரவே எடுத்து, ஒரு செவிலியர்க்கு எத்துணை நோயாளர் என எண்ணிப் பார்க்க. இரவில் வேலை முடிந்து திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தனியே நிற்கும் பெண்களுக்கு வண்டியும், இடையிற் சாய்ந்திருக்க ஓர் அறையும் ஏற்படுத்துதல் பெருஞ்செலவன்று. அதிகாரங்களை எழுத்தில் வரையறுத்தலுக்குச் செலவே இல்லை. ஆசிரியர்கள், இத்தொழிலை நாடும் மாணவிக்கு அதன் பெருமையோடு அதன் பாரத்தையும் உரைத்து, அங்கீகாரம் பெற்ற பள்ளியைத் தேர்ந்தெடுக்க உதவுவாராக. மாணவர்கள், ஆஸ்பத்திரியிற் செவிலியரை அழைக்கும்பொழுது பணிப்பெண்ணை அழைப்பதுபோல் அழையாது, கற்றறிந்த ஒருவரை அழைப்பதுபோல் அழைப்பாராக.

திண்டிவனத்தில் அன்று மூவர் வந்து கதவைத் தட்டினர். உள்ளே பயிற்சி பெற்ற பெண் இல்லை. நூற்றாண்டு கடந்து உழைத்து அப்பெண்ணை நாம் உண்டாக்கிவிட்டோம். இன்றும் நள்ளிரவிற் கதவு தட்டப்படுகின்றது. அதனைத் திறப்பவள் உறக்கமிழந்து, ஊதியங்குறைந்து, உரிமையற்று, ஊரைவிட்டுச் செல்லும் நாளை எண்ணிக்கொண்டிருப்பாளாயின், வந்தவன் பாதி உதவியே பெறுவான். அவள் மனநிறைவோடு திறப்பாளாக. அதற்கு வேண்டுவன செய்தல் நம் கடன்.